வினைமுற்றை விழுங்கும் இசை

தொலைக்காட்சியில் பின்னணி இசை பேச்சை அமுக்கிவிடுகிறது என்று சொன்னால் நம்மூரில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. 'சவுண்ட கூட்டி வச்சுக்க' என்பது ஒன்று. 'காத காட்டிட்டு வா' என்பது இன்னொன்று. இரண்டுமே பழியைக் கேட்பவர் தலையில் கட்டுபவை. ரிமோட்டில் இருக்கும் ஒலிப் பொத்தான் ஒன்றுதான். அதை அழுத்தினால் பேச்சும் ஏறும், இசையும் ஏறும்; இரண்டுக்கும் இடையிலான விகிதம் அப்படியே இருக்கும். அந்த விகிதம் எங்கோ ஓர் ஒலிக்கலவை அறையில், நல்ல ஒலிபெருக்கிகளுக்கு நடுவில், வசனத்தை ஏற்கெனவே பத்து முறை கேட்டுவிட்ட ஒருவரால் தீர்மானிக்கப்பட்டது. வசனம் தெரிந்த காதுக்கு அது எப்போதும் கேட்கும். நம்மிடம் வந்து சேர்வது கூட்டி இறக்கிய குழம்பு; அதிலிருந்து உப்பை மட்டும் தனியே எடுக்க முடியாது.

இதை ரசனைப் பிரச்சினையாகவோ தொழில்நுட்ப அலட்சியமாகவோ பார்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு பேச்சுக்கு அர்த்தம் சொல்லும் உரிமை யாரிடம் இருக்கிறது, பேசுபவரிடமா, கேட்பவரிடமா, அல்லது இருவருக்கும் நடுவில் நுழைந்து 'இது சோகம், இது சூழ்ச்சி' என்று சீட்டு ஒட்டுகிற மூன்றாவது ஆளிடமா என்பதே கேள்வி. அதிகாரம் பற்றிய கேள்வி இது. வாய் திறந்து பேசுபவரைத் தடுக்காமலேயே அவர் சொன்னதை இல்லாமலாக்க முடியும் என்பதை நமது தொலைக்காட்சி அன்றாடம் நிகழ்த்திக் காட்டுகிறது.

மேலே போவதற்கு முன் ஓர் எச்சரிக்கை அவசியம். தமிழ்ச் சூழலில் 'சத்தம் அதிகம்' என்கிற புகார் ஒருபோதும் அப்பாவியாக இருந்ததில்லை. பறையை இரைச்சல் என்றும் வீணையை இசை என்றும் பிரித்த காது எந்தச் சாதியின் காது என்று நமக்குத் தெரியும். சேரிக் கல்யாணத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி 'தொந்தரவு'. சபாவில் வைத்த ஒலிபெருக்கி 'கச்சேரி'. ழாக் அத்தாலி 1977இல் எழுதிய நூலில் இரைச்சலுக்கும் இசைக்கும் இடையிலான எல்லைக்கோடே அதிகாரத்தின் வேலைதான் என்று வாதிட்டார். அதை நாம் பாரிசிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, ஊர்த்தெரு முனையில் நின்றாலே போதும். ஆகவே நான் அமைதியைக் கோரவில்லை. நாகரிகமான, தணிந்த, நடுத்தர வர்க்க வரவேற்பறைக்கு ஏற்ற மெல்லிசையையும் கோரவில்லை. சொல்லைக் கேட்கிறேன். இரண்டும் வேறு வேறு.

வேறு என்பதற்குத் தெருக்கூத்தே சாட்சி. 'நம்ம ஜனங்களுக்குச் சத்தம் இருந்தாத்தான் புடிக்கும், அது நம்ம மரபு' என்று தொடர் இயக்குநர்கள் சொல்வதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். திறந்த வெளியில் விடிய விடிய நடக்கிற கூத்தில் சத்தத்துக்குக் குறைவே கிடையாது. மத்தளம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் எல்லாம் உச்சத்தில்தான் இருக்கும். ஆனால் அங்கே சொல் தொலைவதில்லை. நடிகர் ஓர் அடியைப் பாடியதும் பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் அதே சேதி வசனமாக வருகிறது. அப்போது வாத்தியம் ஒதுங்கி நிற்கும். அது போதாதென்று கட்டியங்காரன் குறுக்கே வந்து 'என்ன சொன்னீங்க மகாராசா?' என்று கேட்டு இன்னொரு தடவை சொல்ல வைக்கிறான், கேலியும் செய்கிறான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம் கேட்டுவிட்டுத்தான் இரவில் கூத்துப் பார்க்க வந்து உட்கார்கிறார்கள். ஒரே சொல் மூன்று, நான்கு வழிகளில் கூட்டத்தின் கடைசி வரிசை வரை போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு அது. கத்திப் பேசுவது வேறு, பேச்சின் மேல் கத்துவது வேறு.

குழாய் ஒலிபெருக்கியை எடுத்துக்கொள்வோம். 'பராசக்தி' (1952), 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959), 'திருவிளையாடல்' (1965) இவற்றின் கதை வசனம் இசைத்தட்டாகவும் பிறகு ஒலிநாடாவாகவும் கல்யாண வீடுகளிலும் கோயில் கொடைகளிலும் ஒலித்தது. படம் பார்க்காதவனுக்கும் வசனம் மனப்பாடம். வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே இருக்கிறது. தமிழ் வெகுஜனக் கலாச்சாரத்தின் ஒரு முக்கியமான காலகட்டம் சொல்லைக் கேட்பதன் மேல் கட்டப்பட்டது. அதைப் பொற்காலம் ஆக்க நான் தயாராக இல்லை. மேடையில் நின்று பேசுகிற ஆணின் குரல் அது, அடுக்குமொழி, நீதிமன்றத்திலும் அரசவையிலும் பேசப்படுவது. அடுப்படியில், கிணற்றடியில், களத்துமேட்டில் பேசப்படுகிற பேச்சுக்கு அங்கே பெரும்பாலும் நகைச்சுவைக் காட்சியில்தான் இடம். தொலைக்காட்சி வந்தபோது இந்த இடம் மாறியிருக்க வேண்டும். சின்னத் திரை, அண்மைக் காட்சி, வீட்டுக்குள் உட்கார்ந்து கேட்பது என்று எல்லாமே தணிந்த பேச்சுக்குச் சாதகமான நிலைமைகள். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு வந்த செவ்வாய்க்கிழமை நாடகங்களை இப்போது நினைத்தால் அவற்றின் ஏழ்மைதான் ஞாபகம் வருகிறது: இரண்டு நாற்காலி, ஒரு திரைச்சீலை, எப்போதாவது ஓர் இசைத் துணுக்கு. கதை பெரும்பாலும் பிற்போக்கு. ஆனால் மாமியார் என்ன சொன்னாள் என்பது எல்லோருக்கும் கேட்டது.

1993இல் சன் தொலைக்காட்சி வந்தது. 1999 டிசம்பரில் தொடங்கிய 'சித்தி'க்குப் பிறகு நாள்தோறும் வருகிற நெடுந்தொடர் தமிழ் மாலைப்பொழுதின் அமைப்பாகவே ஆகிப்போனது. 2003இல் தொடங்கி 2009 வரை ஓடிய 'கோலங்கள்' 1500 அத்தியாயங்களைத் தாண்டியது. இந்த அளவு உற்பத்தியில் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் இசையமைத்துக்கொண்டிருக்க முடியாது. சோகம், பயம், சவால், பாசம், வில்லி நுழைவு என்று துண்டு துண்டாகப் பதிந்து வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு எடுத்து ஒட்டுவதே வழக்கம். ஆக அந்த இசை இந்தக் காட்சிக்காகப் பிறந்ததல்ல. இந்தப் பெண் இந்த இடத்தில் மூச்சை இழுத்து நிறுத்துகிறாள் என்பது அதற்குத் தெரியாது. அது ஒரு ரப்பர் முத்திரை. தாலுகா அலுவலகத்தில் மனுவின் எழுத்து மேலேயே பதிகிற மாதிரி வசனத்தின் மேல் அது பதிகிறது.

அடோர்னோவும் ஹான்ஸ் ஐஸ்லரும் திரையிசை பற்றி 1947இல் எழுதிய நூலில் ஹாலிவுட்டின் பாத்திரக் குறியிசையை, எஜமான் வருவதை முன்கூட்டி அறிவிக்கிற சேவகனோடு ஒப்பிட்டார்கள். வருவது யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தாலும் அவன் அறிவித்துக்கொண்டே இருப்பான். நம் கட்டியங்காரனும் இதே வேலையைத்தான் செய்கிறான். ஆனால் அவன் ராஜாவைக் கிண்டல் செய்வதற்கான உரிமையோடு வருகிறான். தொடரின் பின்னணி இசை வாய் இல்லாத கட்டியங்காரன்: கட்டியம் மட்டும் உண்டு, கேலி கிடையாது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். பேச்சை இசை அமுக்குவது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 2011இல் பிரையன் காக்ஸ் வழங்கிய 'வொண்டர்ஸ் ஆஃப் த யூனிவர்ஸ்' தொடரில் இசை பேச்சை மறைக்கிறது என்று பார்வையாளர்கள் புகார் செய்து, பிபிசி இசையைக் குறைக்க வேண்டி வந்தது. ஆனால் தமிழில் இது நடக்கும்போது நேர்கிற சேதம் வேறு வகைப்பட்டது. காரணம் நம் வாக்கியத்தின் கட்டமைப்பு.

தமிழ் வாக்கியம் தீர்ப்பைக் கடைசியில் வைத்திருக்கிறது. வினைமுற்று வரும்வரை எதுவும் முடிவாகாது. செய்தானா செய்யவில்லையா, செய்வானா மாட்டானா, யார் செய்தது, சொல்பவர் அதை உறுதியாகச் சொல்கிறாரா, கேட்கிறாரா, சந்தேகப்படுகிறாரா, எல்லாம் கடைசிச் சொல்லின் கடைசி அசையில் தொங்குகின்றன. எழுவாயை நாம் பெரும்பாலும் சொல்வதே இல்லை; விகுதிதான் ஆளைக் காட்டுகிறது. பேச்சுத் தமிழில் இந்தத் தொங்கல் இன்னும் நுட்பமானது. 'வந்தான்' என்பதைப் பேசும்போது கடைசி மெய்யை நாம் உச்சரிப்பதில்லை, மூக்கொலியாக உயிரில் கரைத்துவிடுகிறோம். 'வந்தாள்' என்பது 'வந்தா' ஆகிறது. வந்தவன் ஆணா பெண்ணா என்பதைப் பிரிப்பது மெல்லிய மூக்கொலி ஒன்று மட்டும். அதே 'வந்தா' நிபந்தனையாகவும் இருக்கலாம்: 'அவ வந்தா...', வந்துவிட்டாள் என்றா, வரும் பட்சத்தில் என்றா? குரலின் ஏற்ற இறக்கம்தான் சொல்ல வேண்டும். 'போகல' என்றால் போகவில்லை. 'போகலாம்' என்பதும் வாய்க்குள் 'போகலா' என்று மூக்கில் முடிகிறது. 'செத்துட்டான்' என்பது செய்தி. 'செத்துட்டானா' என்பது கேள்வி. ஓர் உயிரெழுத்து தூரம்.

ஒலியியல் இதற்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. பெரும்பாலான மொழிகளில் சாதாரண வாக்கியம் முடியும் இடத்தில் குரலின் சுருதியும் பலமும் இறங்கும். உயிரொலிகளில் ஆற்றல் அதிகம். வல்லின மெய்களின் அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே, மிகக் குறைந்த ஆற்றலில் கிடக்கிறது. வயலின் கூட்டமும் மின்னிசைப் பலகையும் வந்து நிரம்புவது அந்த இடத்தில். மூக்கொலியின் முனகல் கீழே, 250 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது. அங்கே செல்லோவும் கீழ் ஸ்தாயி ரீங்காரமும். கீழ் ஒலிகள் மேல் ஒலிகளை மறைக்கிற அளவுக்கு மேல் ஒலிகள் கீழ் ஒலிகளை மறைப்பதில்லை என்பதும் தெரிந்த விஷயம்தான். ஆக, இசை வந்து விழுந்தால் முதலில் சாவது எது? வேற்றுமை உருபு, விகுதி, எதிர்மறை இடைநிலை, வினா எழுத்து. பெயர்ச்சொற்கள் தப்பித்துக்கொள்கின்றன. 'வீடு', 'பத்திரம்', 'குழந்த', 'உங்க பையன்' எல்லாம் கேட்கும். அவற்றை என்ன செய்ததாகச் சொன்னாள் என்பது கேட்காது.

தொடர்களில் இசை வந்து விழும் இடமோ வாக்கியத்தின் அந்தக் கடைசி முனை. இயக்குநரின் கணக்கு எளிமையானது: வசனத்தின் உச்சம் எங்கேயோ அங்கே 'டைங்ங்' என்று ஒரு அறை. தமிழில் உச்சம் என்பது வினைமுற்று. 'நான் இந்த வீட்ட விட்டுப் போக...' என்று மருமகள் தொடங்குகிறாள். போகல, போகமாட்டேன், போகப்போறேன், போகச் சொன்னா போறேன்: நான்கு வெவ்வேறு கதைகள், நான்கு வெவ்வேறு பெண்கள். அந்த இடத்தில் இசை அறைகிறது. காமிரா மாமியார் முகத்துக்கு, கணவன் முகத்துக்கு, வேலைக்காரம்மா முகத்துக்கு மூன்று முறை பாய்கிறது. (இந்த முகப் பாய்ச்சலைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.) முகங்களிலிருந்து நாம் புரிந்துகொள்ள வேண்டியது அவள் ஏதோ பயங்கரமாகச் சொல்லிவிட்டாள் என்பது. என்ன சொன்னாள் என்பது வேண்டியதில்லை. அவள் பேசினாள் என்பதே நிகழ்வு, பேசியது உபரி. பெண் பேசுகிற வாக்கியத்தின் தீர்ப்புப் பகுதியைத் திரும்பத் திரும்ப வெட்டுகிற ஒரு வடிவம், பெண்களுக்கான வடிவம் என்று விற்கப்படுகிறது.

இதற்கு ஒரு கெட்டிக்காரத்தனமான நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ரிக் ஆல்ட்மன் 1986இல் எழுதிய கட்டுரையொன்றில் தொலைக்காட்சி ஒலியின் முக்கிய வேலை கூப்பிடுவது என்று காட்டினார். டிவி ஓடிக்கொண்டிருக்கும், வீட்டில் யாரும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கவில்லை. ஒலிதான் 'இப்ப வந்து பாரு' என்று அழைக்கிறது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் சொன்ன 'ஓட்டம்' என்கிற கருத்தாக்கமும் இதனுடன் சேரும். அல்துசரின் விளித்தல் தெருவில் நடக்கிறது, போலீஸ்காரர் 'ஏய்' என்கிறார். நம் வீட்டில் அது மிக்ஸி சத்தத்தையும் குக்கர் விசிலையும் தாண்டி அடுப்படிக்குள் வருகிறது. கை மாவோடு ஒருத்தி எட்டிப் பார்க்கிறாள். தயாரிப்பாளர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: லேடீஸ் வேலை செஞ்சுக்கிட்டே பாப்பாங்க, அதனால சவுண்டு வேணும்.

சரி. ஆனால் அடுப்படியில் நிற்பவளுக்குப் படம் தெரியாது, ஒலி மட்டும்தான் கிடைக்கிறது. அவளுக்குத் தொடர் என்பது வானொலி நாடகம். மிஷெல் ஷியோன் தொலைக்காட்சியைப் படம் சேர்த்த வானொலியாகப் பார்க்கச் சொன்னார். இங்கே அந்தப் படமும் சுவருக்கு அப்பால் இருக்கிறது. அப்படியானால் எல்லோரையும்விடச் சொல் அதிகம் தேவைப்படுகிறவள் அவள். அவளைக் கூப்பிடுவதற்காக ஏற்றிய இசை, அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்த ஒரே பொருளைப் பறித்துக்கொள்கிறது. வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால்தான் கதை என்கிற நிபந்தனையை விதிக்கிறது. வேலையைப் போட்டுவிட்டு வர முடிகிறவர் அந்த வீட்டில் யார்?

கேட்கும் காதுகள் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் ஒலிக்கலவை அறை அறியாது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்கு அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கிற அளவு கேட்கும் திறன் இழப்பு உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயதாகும்போது முதலில் போவது மேல் அலைவரிசை; மெய்யெழுத்துகள் வாழ்கிற பகுதி. எங்கள் வீட்டில் அத்தை எட்டு மணித் தொடர் பார்க்கும்போது பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்தாக வேண்டும். 'என்னாடி சொன்னா?' என்பார். 'சொத்துல பங்கு வேணாங்குறா அத்த.' 'வேணாங்குறாளா, வேணுங்குறாளா?' 'வேணாங்குறா.' கூத்தின் பின்பாட்டு இப்படி வீட்டுக்குள் மறுபிறவி எடுத்திருக்கிறது. பிள்ளை படிக்கப் போய்விட்டால் அத்தை இசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வயது மட்டுமில்லை, வர்க்கமும் உண்டு. குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் ஒரு ஷிப்டு நின்றுவிட்டு வந்தவரின் காது வேறு காது. தறி ஓடும்போது அங்கே பேச்சு கிடையாது, கைஜாடையும் உதட்டசைவும்தான். எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் என்பது இந்தியத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் வரம்பு. வீட்டோடு சேர்ந்த நாலு தறிக் கூடத்தில் யார் போய் அளக்கப் போகிறார்கள்? 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு கொடுத்த 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சி அந்த வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கடுத்து வந்த தட்டைத் திரைகளில் ஒலிபெருக்கி பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. பேச்சு சுவரில் மோதி, கொட்டகைத் தகரத்தில் மோதி, அப்புறம் நம்மிடம் வருகிறது. தியேட்டருக்காகக் கலந்த படம் டிவியில் வரும்போது சங்கதி இன்னும் மோசம். அங்கே வசனத்துக்கென்று நடுவில் தனி ஒலிபெருக்கி இருந்தது. இங்கே எல்லாத் தடங்களையும் இரண்டே தடத்துக்குள் திணிக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? கேபிள் தொலைக்காட்சி விதிகள் (1994) விளம்பரங்களின் ஒலி மிதமிஞ்சி இருக்கக்கூடாது என்கின்றன. நிகழ்ச்சிக்குள் இசைக்கும் பேச்சுக்கும் உள்ள விகிதம் பற்றி அங்கே பேச்சில்லை. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இல் கொண்டுவந்த உரப்பு அளவீடும் மொத்த ஒலியைத்தான் அளக்கிறது. தெளிவான எண் இருப்பது வேறோர் இடத்தில்: இணையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் நெறிமுறைகள் (2008) தமது உச்ச நிலையில், பின்னணி ஒலி பேச்சைவிடக் குறைந்தது 20 டெசிபல் தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. நமது தொடர்கள் எதையாவது எடுத்து இந்த அளவுகோலின் முன் நிறுத்தினால் சிரிப்புதான் வரும்.

தொழில்நுட்பத்தால் முடியாது என்பது பொய். வசனம், இசை, பிற ஒலிகள் மூன்றும் கலவைக்கு முன் தனித்தனித் தடங்களாகத்தான் இருக்கின்றன. இல்லாவிட்டால் ஒரு மொழித் தொடரை இன்னொரு மொழிக்கு டப்பிங் செய்யவே முடியாது. 2019இல் பிபிசி தனது 'கேஷுவல்டி' தொடரின் ஓர் அத்தியாயத்தை, பின்னணி ஒலிகளைப் பார்ப்பவரே குறைத்துக்கொள்ளும்படி இணையத்தில் சோதித்துப் பார்த்தது. 2023இல் அமேசான் பிரைம் வீடியோ பேச்சை மட்டும் உயர்த்திக்கொள்ளும் வசதியை அறிமுகப்படுத்தியது. சந்தைக்கு வேண்டுமென்றால் எல்லாம் நடக்கும். நமக்குக் கிடைத்திருப்பது வேறு: இணையத் தளங்களில் வரும் தமிழ்ப் படத்துக்கு ஆங்கிலத்தில் வசன வரி உண்டு, தமிழில் இருப்பது அபூர்வம். தமிழில் பேசப்பட்டு, இசையில் மூழ்கி, ஆங்கிலத்தில் கரையேறுகிறது நம் வாக்கியம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் தமிழை அங்கே பொறுக்கிக்கொள்ளலாம். மற்றவர்களுக்கு 'டைங்ங்'.

இசையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மகேந்திரன் வசனத்தின் சர்வாதிகாரத்தை வெறுத்தவர். 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) இரண்டிலும் அவர் வசனத்தை வெட்டி எறிந்த இடங்களில் இளையராஜாவின் இசை வந்து உட்கார்ந்தது. அங்கே இசை பேச்சின் இடத்தில் வருகிறது, பேச்சின் மேல் வரவில்லை. பேசுபவரை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுவது ஒரு முறை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்துவது இன்னொன்று.

தொடரோடு இது நின்றிருந்தால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கதைதானே, போகட்டும். ஆனால் இந்தப் பழக்கம் செய்திக்குள் வந்துவிட்டது. திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு பெண் நிற்கிறாள். கையில் மனுக்களின் நகல். அவள் பேசுவதைக் கவனித்தால் அதில் புல எண் இருக்கிறது, பட்டா யார் பெயருக்கு மாறியது என்கிற தகவல் இருக்கிறது, முதல் மனு கொடுத்த தேதி, எந்த அலுவலர் என்ன சொல்லித் திருப்பி அனுப்பினார், எத்தனை ரூபாய் கேட்டார் எல்லாம் இருக்கிறது. அவள் சாட்சியம் சொல்கிறாள். செய்தித் தொகுப்பில் அதன் மேல் ஒரு சோக வயலின் ஏற்றப்படுகிறது. கீழே 'கண்ணீர் மல்கக் கோரிக்கை' என்று ஒரு வரி ஓடுகிறது. அவ்வளவுதான். புல எண் போயிற்று, அலுவலர் போயிற்று, தொகை போயிற்று, மிஞ்சியது கண்ணீர். குற்றச்சாட்டாக இருந்ததை வயலின் பரிதாபமாக மாற்றிவிட்டது. குற்றச்சாட்டுக்கு ஒருவர் பதில் சொல்ல வேண்டும், பரிதாபத்துக்கு உச்சுக் கொட்டினால் போதும். பாதிக்கப்பட்டவரின் குரலை ஒலிக்க விடுகிறோம் என்று ஊடகம் பெருமைப்பட்டுக்கொள்கிறது. ஒலிக்க விடுகிறது, உண்மைதான். பேச விடவில்லை.

இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நண்பர்கள் 'முதலாளித்துவ ஊடகம் அப்படித்தான்' என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக்கூடாது. நம் தோழர்கள் எடுக்கிற ஆவணப்படங்களிலும் இதேதான் நடக்கிறது. சாதி வன்முறை பற்றி, நில அபகரிப்பு பற்றி, ஆலைக் கழிவு பற்றி எடுக்கிறார்கள். வெயிலில் அலைந்து, மிரட்டலுக்கு நடுவில் எடுக்கிறார்கள். அப்புறம் படத்தொகுப்பு மேசையில் சாட்சியத்தின் அடியில் ஒரு புல்லாங்குழலைப் போடுகிறார்கள். அடியில் என்றுதான் சொல்வார்கள், கேட்டால் மேலே இருக்கும்.

விசைத்தறி முன்பணம் பற்றிய அப்படிப்பட்ட படம் ஒன்றைப் பள்ளிபாளையம் பக்கம் ஒரு சங்க அலுவலகத்தில் திரையிட்டார்கள். முன்பணம் வாங்கி அந்தக் கடனிலேயே வருடக்கணக்கில் ஒரே தறிப்பட்டறையில் மாட்டிக்கொண்ட குடும்பங்களின் கதை. நல்ல படம். முடிந்ததும் இயக்குநரிடம் இசையைப் பற்றிக் கேட்டேன். 'இசை இல்லேன்னா ஆளுங்க உக்கார மாட்டாங்க தோழர்' என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவர் பார்த்து வளர்ந்ததும் இதே டிவிதான். பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த தறித் தொழிலாளி ஒருவர் எழுந்து, 'அந்தப் புள்ள எத்தன ரூவா அட்வான்சு வாங்குனேன்னு சொல்லுச்சுங்க?' என்று கேட்டார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பதாயிரம் என்றார் ஒருவர், தொண்ணூறு என்றார் இன்னொருவர். இயக்குநர் பையைத் திறந்து பேட்டி எழுதி வைத்திருந்த நோட்டைத் தேடினார்.